உப்புக்காற்றுக்கு அசராத வண்டி: வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே எங்கள் வீட்டுப் பாதல் வண்டியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மூன்று சக்கரம், ஃபைபர் பாடி, கடலோரத்தில் வருஷக்கணக்காக ஓட்டினோம், அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அந்த வண்டிதான்.

பாதல் என்று நிஜமாகவே ஒரு கார் இருந்ததா? ஆட்டோவைத்தான் அப்படிச் சொல்கிறீர்களோ என்று வீட்டில் ஒரே விவாதம்.
*வாசகர், பரமக்குடி*

இருந்தது. ஆட்டோ இல்லை, கார்தான். பெங்களூரில் சன்ரைஸ் என்ற கம்பெனி 1970-களில் செய்தது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. எஞ்சினும் பின்னால்தான்: 198 சி.சி., டூ ஸ்ட்ரோக். கதவைச் சாத்திக்கொண்டு, மழை மேலே படாமல் குடும்பத்தோடு போகலாம். பிற்பாடு அதையே நான்கு சக்கரத்திலும் கொண்டுவந்தார்கள். அதற்கும் அப்புறம் சிபானி என்ற பெயரில் அவர்கள் விட்ட டால்ஃபின் கார் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அது இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்துச் செய்தது. அதுவும் ஃபைபர் பாடிதான்.

எங்கள் வண்டி பெங்களூரில் என் வீட்டுக்காரர் 1983-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இளநீல நிறம். அங்கேயிருந்து சேலம், மதுரை வழியாக அவரே ஓட்டிக்கொண்டு எங்கள் ஊரான மண்டபம் வந்து சேர்ந்தார். எஞ்சின் சூடேறினால் ஏதாவது புளியமரத்தடியில் நிறுத்துவது, ஆறினதும் கிளம்புவது என்று வந்திருக்கிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். அம்பாசடரும் ஃபியட்டும் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்த காலம் அது. வாசலில் வண்டி நின்ற அன்று என் மாமியார் ஆரத்தி எடுத்துவிட்டுத்தான் அவரை உள்ளே விட்டார். தெருப் பிள்ளைகள் மறுநாளே அதற்கு 'முக்காலி' என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைசிவரை அந்தப் பேர்தான்.

நாங்கள் வாங்கிய கார் மூன்றே வருஷத்தில் கதவுக்கு அடியில் துருப்பிடித்துப் பொரிந்துவிட்டது. கடற்கரையிலேயே வைத்திருந்த உங்கள் வண்டி எப்படித் தாங்கியது?
*வாசகி, கீழக்கரை*

நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயம் இது. நம் பக்கத்தில் காற்றே உப்பு. ஜன்னல் கம்பியில் காலையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். இரும்புத் தகட்டில் செய்த எந்த வண்டிக்கும் இங்கே ஆயுள் கம்மி. பாதல் வண்டியின் பாடியில் தகடே கிடையாது. கண்ணாடி இழையும், ரெசின் என்கிற பிசினும்தான். நம் ஊர் ஃபைபர் வள்ளமும் அதே சரக்கில்தான் செய்யப்படுகிறது. கடலிலேயே கிடக்கிற வள்ளத்தைத் துரு என்ன செய்யும்? பெங்களூர்க்காரர்கள் யாரை மனதில் வைத்துச் செய்தார்களோ, என்னைக் கேட்டால் அது மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் என்றே பிறந்த வண்டி.

இன்னொரு வசதியும் இருந்தது. பாடியில் அடிபட்டால் டிங்கரிங் பட்டறையைத் தேடி மதுரைக்குப் போக வேண்டாம். வள்ளம் செய்கிறவரே சரிசெய்துவிடுவார். என் கொழுந்தனார் ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர். தொண்ணூறுகளில் ஒருநாள், சந்தைக்கு வந்த மாட்டுவண்டியின் நுகத்தடி இடித்து, பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அவர் சரிசெய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவினார். நன்றாகக் காய்ந்த பிறகு, கிழிசலின் ஓரத்தை உட்பக்கமாகச் சாய்வாகச் சீவினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அசிட்டோனில் துடைத்தார். கண்ணாடி இழையில் செய்த பாய் ஒன்று உண்டு, 'மேட்' என்பார்கள்; அதைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பிய்த்தார். ஓரம் பிசிராக இருந்தால்தான் பழைய ஃபைபரோடு கலக்கும் என்றார். பிளாஸ்டிக் மக்கில் கொஞ்சமே கொஞ்சம் ரெசின் எடுத்து, அதை இறுகவைக்கிற ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நம் ஊர் உச்சி வெயிலில் கலந்தால் பூசுவதற்குள் மக்கிலேயே கட்டிதட்டிவிடும். அதனால் பனி ஈரம் போனதும், வெயில் ஏறுவதற்கு முன் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். பிரஷ்ஷைப் பெயின்ட் அடிப்பதுபோல இழுக்கக் கூடாது. குத்திக் குத்தி ஊறவைக்க வேண்டும். வெள்ளையாக இருக்கிற மேட் ரெசினைக் குடிக்கக் குடிக்கக் கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டே வரும். எங்காவது வெள்ளைப் பொட்டு நின்றால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சின்ன ரோலரால் உருட்டி வெளியேற்றிவிட்டு அடுத்த மேட்டை வைத்தார். கடைசியில், ஒரு வள்ளத்துக்காகக் கலந்து வைத்திருந்த நீலத்தோடு கொஞ்சம் வெள்ளையைச் சேர்த்து மேலே பூசினார். சாயங்காலம் விரலால் தட்டிப் பார்த்தேன், ஒட்டுப்போட்ட இடமும் பழைய இடமும் ஒரே சத்தம் கொடுத்தன.

ஆனால் சகோதரி, பாடிக்குத்தான் துரு கிடையாது. அடியில் இருக்கிற சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், பிரேக் பைப், ரிம், போல்ட், நட் எல்லாம் இரும்புதான். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் அரித்துக்கொண்டிருக்கும். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஜில்லாவில் வண்டி கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். உங்கள் இரும்புக் காருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மேலே ஈரத்துணியால் துடைத்தால் போதும். இருக்கிற ஒரு குடம் தண்ணீரையும் அடிப்பக்கம் விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதை மட்டும் ஊற்றாதீர்கள்.

மூன்று சக்கரம் என்றால் வளைவில் கவிழ்ந்துவிடாதா?
*வாசகர், சாயல்குடி*

முக்காலியின் எந்தக் காலும் இல்லாத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே பிரேக் போட்டால், பாரம் முழுக்க முன்னாலும் வெளிப்பக்கமும் தள்ளும். அந்த மூலையில் தாங்கச் சக்கரம் இல்லை. ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராகப் போகும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் திருப்ப வேண்டும். கனமான சாமானைப் பின்னால், தாழ்வாக வைக்க வேண்டும். பாதலில் எஞ்சினே பின்னால் இருந்ததால் பாரம் இரட்டைச் சக்கரத்தின் மேல் நின்றது. இங்கிலாந்தின் ரிலையன்ட் ராபினுக்கு முன்னால் ஒற்றைச் சக்கரம், எஞ்சினும் அதே முன்பக்கம். அதனால் வளைவில் அதற்கு இன்னும் நிதானம் வேண்டும்.

எங்களுக்கு வளைவைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறந்தார்கள். அதுவரை ராமேஸ்வரம் போக ரயில்தான். வண்டியை மண்டபத்தில் விட்டுவிட்டுத்தான் போவோம். பாலம் திறந்த மறுவருஷம் ஆடி அமாவாசைக்கு, மாமியாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். ஆடி மாதம் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் நல்ல உயரம். தெற்கேயிருந்து, எனக்கு வலப்பக்கம், காற்று வண்டியை அப்படியே கைப்பிடிச் சுவர்ப் பக்கம் தள்ளுகிறது. ஸ்டியரிங்கை வலது பக்கம் கொஞ்சம் பிடித்தபடியேதான் போக முடியும். எதிரே ஒரு பஸ் வந்தால் அது காற்றை மறைக்கிற ஒரு கணம் வண்டி வலது பக்கம், பஸ்ஸை நோக்கி இழுக்கும். பஸ் தாண்டியதும் காற்று மறுபடி அறையும். பஸ் நெருங்கும்போதே பிடியைத் தளர்த்தி, தாண்டும்போது மறுபடி இறுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை, பாலமே சொல்லிக்கொடுத்தது. மாமியார் வழி முழுக்க ராமநாமம் சொல்லிக்கொண்டு வந்தார். அக்னி தீர்த்தத்தில் முழுகி எழுந்ததும் முதலில் என் தலையில்தான் கை வைத்தார். அந்தக் கையின் ஈரத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

தனுஷ்கோடிக்கும் போயிருக்கிறோம், ஆனால் முகுந்தராயர் சத்திரம்வரைதான். 1964 புயலுக்குப் பிறகு அதற்கு அப்பால் ரோடு இல்லை. அரிச்சல்முனைவரை தார் ரோடு வந்தது 2017-ல்தான். மணல் தடத்தில் மூன்று சக்கர வண்டிக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. ஜீப்பும் மாட்டுவண்டியும் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் இறுகியிருக்கும், நடுவில் பொதபொதவென்று மணல் மேடு. நமது முன்சக்கரம் சரியாக அந்த மேட்டில்தான் ஏறும். பனை ஓலையை வெட்டிப் போட்டு அதன் மேல் ஏற்றித்தான் வெளியே எடுப்போம்.

வெளிநாட்டில் முன்பக்கம் முழுவதுமே கதவாகத் திறக்கிற ஒரு குட்டிக் கார் இருந்ததாமே?
*கல்லூரி மாணவர், ராமநாதபுரம்*

அது இசெட்டா, தம்பி. இத்தாலியில் ஐசோ கம்பெனி 1953-ல் செய்தது. 1955 முதல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. செய்தது. கதவைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கூடவே விலகி வழிவிடும். போரில் தோற்ற ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை இருந்தது. அதனால் மெஸ்ஸர்ஷ்மிட், ஹைன்கல் போன்ற விமானக் கம்பெனிகள் குட்டி வண்டிகள் பக்கம் வந்தன. மெஸ்ஸர்ஷ்மிட்டின் கே.ஆர். 200-ல் ஓட்டுகிறவருக்குப் பின்னால் மற்றவர் உட்கார வேண்டும். எஞ்சின் 191 சி.சி. அதை உருவாக்கிய ஃபிரிட்ஸ் ஃபெண்ட், முதலில் போரில் கால் இழந்தவர்களுக்காகச் சின்ன வண்டி செய்துகொண்டிருந்தவர். 1956 சூயஸ் கால்வாய் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் இந்த வண்டிகளுக்கு நல்ல கிராக்கி. 1959-ல் இங்கிலாந்தில் 'மினி' என்ற கார் வந்த பிறகு கிராக்கி இறங்கிவிட்டது. பீல் பி50 என்று ஒன்று, ஒரே ஆள் உட்காருகிற 49 சி.சி. வண்டி. ரிவர்ஸ் கியர் இல்லாததால், இறங்கிப் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். எனக்குப் பார்க்க ஆசை கே.ஆர். 200-தான்.

எங்கள் பழைய ஃபைபர் பாடி வண்டியில் பேட்டரி புதுசு, பல்பும் புதுசு. ஆனாலும் ஹெட்லைட் மங்கலாகவே எரிகிறது.
*வாசகர், தொண்டி*

மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த் ஒயரைப் பாருங்கள். தகட்டு பாடி கார்களில் பாடியே எர்த். ஃபைபரில் மின்சாரம் போகாது. அதனால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒயர் சேஸிஸுக்கு வர வேண்டும். அது சேஸிஸில் சேருகிற போல்ட்டில்தான் உப்பு பூத்திருக்கும். கழற்றி, பளிச்சென்று தேய்த்து, திரும்ப முடுக்கிவிட்டு மேலே கிரீஸ் தடவுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் கார் ஓட்டியதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது?
*வாசகி, உச்சிப்புளி*

முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் உதவி கேட்டார்கள். ராத்திரியில் இடுப்பு வலி வந்தால் முதலில் தட்டுகிற கதவு எங்கள் வீட்டுக் கதவுதான். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில், அந்த வண்டியிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்று அவளும் டீச்சர். எந்த வசதியான காரைப் பார்த்தாலும் எனக்கு அது பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் அவள்தான்.

தாத்தாவின் பாதல் வண்டி கொல்லையில் சீமைக்கருவேலுக்குள் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
*வாசகர், தேவிபட்டினம்*

கொடுக்காதீர்கள், தயவுசெய்து. அவருக்கு வேண்டியது சேஸிஸும் எஞ்சினும்தான். ஃபைபரில் அவருக்குக் காசு இல்லை, உடைத்து எறிந்துவிடுவார். ஆனால் அந்த பாடிதான் உங்கள் வண்டியில் கெடாமல் மிஞ்சியிருக்கிற பொருள். ஓட்டை, கிழிசல் எவ்வளவு இருந்தாலும் கவலை வேண்டாம், உங்கள் ஊரிலேயே வள்ளக்காரர் இருப்பார்.

முதலில் தாத்தாவின் பெட்டியில் ஆர்.சி. புக் இருக்கிறதா என்று தேடுங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ரினியூவல் உண்டு. விட்டுப்போயிருந்தால் புக்கை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் கேளுங்கள். எஞ்சினை ஆர்வத்தில் உடனே சுற்றிப் பார்க்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறட்டும். பிறகு கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் முன் சேஸிஸைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்கிற இடத்தில் ஜாக்கி வைக்காதீர்கள்.

எங்கள் வண்டி இப்போது கொழுந்தனார் பட்டறையில், கீற்றுக் கொட்டகை நிழலில் நிற்கிறது. அவர் மகன் ஓட்டுகிறான். பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், அவனை அனுப்புகிறேன். அதற்கு முன்னால் கருவேலை வெட்ட ஆள் வைத்தால், முன் கண்ணாடி மேல் இரண்டு மடிப்பு சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். மற்ற எதையும் லேத்திலோ பட்டறையிலோ செய்துவிடலாம். அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடி கிடைப்பது கஷ்டம்.