வார்டு போஸ்டிங்குக்கு எட்டு வாரம்: எந்த ஊசி முதலில்?

கேள்வி: மகள் பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. எட்டு வாரத்தில் வார்டு போஸ்டிங். ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று), எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா), சின்னம்மை ஊசிகளுக்குச் சான்றும் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு), மான்டூ (காசநோய்க்கான தோல் பரிசோதனை) ரிப்போர்ட்டும் கேட்கிறார்கள். தர்மபுரியில் பிறந்தபோது கொடுத்த தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. என்ன செய்வது? – அல்சூர் வாசகி

பதில்: அட்டையைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள். ஏற்கெனவே போட்ட ஊசியை மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை, தாமதம்தான் கெடுதல். ஹெபடைடிஸ் பி நாடு முழுவதும் அரசு அட்டவணைக்கு வந்ததே 2011இல்தான் என்பதால், உங்கள் மகளுக்குக் குழந்தையில் போட்டிருப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மேல்கையில் போட வேண்டும். இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக வராது. 20 வயது ஆனவர்களுக்கு 1 மி.லி.; அதற்குக் கீழே எவ்வளவு என்பது பிராண்டைப் பொறுத்தது, டாக்டர் சொல்வார். நடுவில் ஒரு டோஸ் தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை.

டைட்டர் என்பது கடைசி டோஸுக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பது. லேபில் 'ஆன்டி-எச்பிஎஸ், எண்ணில் வேண்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பலர் எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அது நோய் இருக்கிறதா என்று பார்ப்பது, பாதுகாப்பை அளப்பதில்லை. ஊசி போட்ட இரண்டரை வாரம் வரை அது பொய்யாக பாசிட்டிவ் காட்டவும் கூடும். அதையும் கல்லூரி கேட்டால், முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். டைட்டர் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்தால் மேலும் டோஸ் போட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

போஸ்டிங் தொடங்கும்போது இரண்டு டோஸ்தான் முடிந்திருக்கும். அதை ஏற்பார்களா என்று கல்லூரியில் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று டோஸும் முடிவதற்குள், நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே வார்டு பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்புப் பொருள் ஊசி) தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. திட்டு வாங்குவோம் என்று பயந்து மறைக்கும் மாணவிகள்தான் எனக்குக் கவலை.

அடுத்தது வரிசை. எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசிகள். ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம். இல்லையென்றால் 28 நாள் இடைவெளி கட்டாயம். பத்து நாள் கழித்துப் போட்டால் இரண்டாவதாகப் போட்டது கணக்கில் சேராது. மான்டூவும் அப்படித்தான்: அதே நாளில் போடலாம், தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம்.

ஆகவே முதல் நாளே ஹெபடைடிஸ் பி, எம்.எம்.ஆர்., சின்னம்மை, மான்டூ நான்கும். 28 நாள் கழித்து முதல் மூன்றின் இரண்டாம் டோஸ். கடைசி பூஸ்டர் போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஒன்றும் போடுங்கள். கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அந்த உயிருள்ள ஊசிகளைத் தவிர்க்க வேண்டும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பள்ளிகளில் எம்.ஆர். ஊசி போட்டார்கள். மகளுக்கும் போட்டிருக்கலாம், ஆனால் அதில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து இல்லை, எம்.எம்.ஆர். போட்டுவிடுவதே மேல். சின்னம்மை வந்ததா என்று சந்தேகமிருந்தால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை செய்யலாம், அல்லது நேராக ஊசியே போடலாம்.

மான்டூவை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். வியாழன் மாலை போட்டால் அது சனி மாலைக்கும் ஞாயிறு மாலைக்கும் நடுவில் விழும், எனவே திங்கள் அல்லது செவ்வாயில் போடச் சொல்லுங்கள். அளப்பது தடிப்பை, சிவப்பை அல்ல. பாசிட்டிவ் வந்தாலே காசநோய் என்று அர்த்தமில்லை; மார்பு எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்ப்பார்.

ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, பிராண்ட், பேட்ச் நம்பர், டாக்டர் சீல் நான்கும் வாங்குங்கள். பேட்ச் நம்பர் இல்லாத சான்றை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக்கூடும். கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன்பே சரிபார்த்து, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.