ஓய்வு பெறப்போகிறவரின் அனுபவம் படிவத்தில் வராது

மூன்று மாதத்தில் ஓய்வு பெறும் உங்கள் பராமரிப்பு மேற்பார்வையாளரிடம், அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிப் படிவம் நீட்டுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு பழுதுபார்ப்பிலும் ஓர் இளையவரை அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். இளையவர் எழுதட்டும், அவர் திருத்தட்டும்.

படிவத்தில் அவர் "பேரிங்கைக் கவனிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல என்றே நினைக்கிறேன். இயந்திரத்தின் உறைமேல் கை வைத்ததும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அது சொல்லாக வருவதில்லை.

1985-இல் ஜப்பானின் ஒசாகாவில் மட்சுஷிட்டா மின்சாதன நிறுவனம் ரொட்டி இயந்திரம் உருவாக்கியபோதும் இதே தொல்லைதான். இயந்திரம் மாவைச் சரியாகப் பிசையவில்லை. மாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் பயனில்லை. இகுகோ தனாகா என்ற மென்பொருள் உருவாக்குநர் ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் நேரில் பயின்ற பிறகே, அந்த ரொட்டிக்காரர் மாவை முறுக்கி இழுப்பது கண்ணில் பட்டது.

ஒரு சோதனை: அந்த வேலையே தெரியாத ஒருவரிடம் இளையவர் எழுதிய குறிப்பைக் கொடுங்கள். இயந்திரம் நின்றிருக்கட்டும், மூத்தவர் வாய் திறக்காமல் அருகில் இருக்கட்டும். எங்கே மூத்தவரின் கை தானாக நீள்கிறதோ, அங்கேதான் குறிப்பில் ஓட்டை.

ஆனால், பணி நீட்டிப்பு கிடைக்குமா என்று அவர் காத்திருந்தால் இது எதுவும் பலிக்காது. அதை முதலில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.