பாதியில் நிறுத்துங்கள், டீச்சர்!

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் சேர்த்து 31 பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் என் செல்போனிலோ, கரண்ட் இருந்தால் பள்ளி டி.வி.யிலோ யூடியூபில் ஆங்கில வீடியோ போட்டுக் காட்டுகிறேன். கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். முடிந்ததும் "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. "இன்னொண்ணு போடுங்க மிஸ்" என்கிறார்கள், அதுவும் தமிழில். பாதி நாள் சிக்னலும் கிடைப்பதில்லை. இதற்கிடையில், அடுத்த மாதம் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி ஒரு வீடியோ போட்டுப் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போன முறை வேறொருவர் போட்டார். கைதட்டினோம், டீ குடித்தோம், பஸ் பிடித்தோம். வீடியோவால் உண்மையிலேயே பயன் உண்டா? எதைப் போடுவது?
- பெயர் வேண்டாம், மேல்மலை

பதில்: "கைதட்டினோம், டீ குடித்தோம், பஸ் பிடித்தோம்" என்று எழுதியிருக்கிறீர்களே டீச்சர், அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்த காலத்தில் அப்படிப்பட்ட வீடியோக்களைப் போட்டுக் கைதட்டல் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

வகுப்பிலும் அதே கதைதான். கூடலூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு டெட் (TED) என்கிற உலகப் புகழ்பெற்ற மேடையில் ஒருவர் பேசிய பேச்சு ஒன்றை முழுசாகப் போட்டேன். அந்த மேடையில் யாராக இருந்தாலும் 18 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். 2006இலிருந்து அந்தப் பேச்சுகளை இணையத்தில் இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள், நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பெரிய புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் பெரியவர்களுக்குச் சுருக்கமாகத் தெரிகிற 18 நிமிடம், எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரு பகல். முடிந்ததும் உங்களைப் போலவே நானும் "என்ன புரிஞ்சுது?" என்றேன். வகுப்பு கப்சிப். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும், "அந்த ஆளு ரெண்டு தடவை தண்ணி குடிச்சாரு சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனை உட்காரச் சொன்னேன்.

இன்றைக்கு நினைத்தால், அன்று அந்த வகுப்பில் கவனமாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். காது கைவிட்ட இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்றைப் பிடித்திருக்கிறான். "ஹீ டிராங்க் வாட்டர்" என்று அவன் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்திருக்கலாம். வைக்காமல் விட்டேன்.

உங்கள் பிள்ளைகள் வாய் திறக்காததற்கு வீடியோ காரணமில்லை. கேள்வி வருகிற நேரம்தான் கோளாறு. ஏழு நிமிடம் ஓடி முடிந்த ஒன்றைப் பற்றி "என்ன புரிஞ்சுது?" என்று மொத்தமாகக் கேட்டால், எதை எடுத்து எங்கிருந்து தொடங்குவது? தியேட்டரை விட்டு வெளியே வருகிறவரிடம் கேட்டாலே "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் வராது, அதுவும் தாய்மொழியில்.

இன்னொன்றும் உண்டு. பார்த்துக்கொண்டே இருந்தால், கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளைப் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் நடக்கும் வகுப்புகளில் வருடக்கணக்கில் படிக்க வைத்தார்கள். அவர்களைக் கவனித்த மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் எழுதினார்: கேட்டுப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் தடுமாறினார்கள். வகுப்பில் அவர்கள் தாங்களாகவே நீளமாகப் பேச வேண்டிய கட்டாயம் அதிகம் வரவில்லை என்பது அவர் கண்ட காரணங்களில் ஒன்று. வருடக்கணக்கில் பிரெஞ்சு கேட்ட பிள்ளைகளுக்கே அப்படி என்றால், வாரம் இரண்டு நாள் வீடியோ பார்க்கிற நம் பிள்ளைகளை என்ன சொல்வது?

அதனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போடாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தையும் சத்தம் இல்லாமல் போட்டு, பாதியில் நிறுத்துங்கள்.

இது எப்படி நடக்கும் என்பதற்குக் கோத்தகிரி பக்கம் நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பிள்ளைகள் எல்லோருமே தேயிலை வீட்டுப் பிள்ளைகள். ஜப்பானில் தேயிலை பறிக்கிற வீடியோ ஒன்று என் போனில் இருந்தது. வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் வளைவான மெஷினைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், பின்னால் பெரிய பை ஒன்று ஊதிக்கொண்டு இழுபடுகிறது. சத்தத்தை அணைத்துவிட்டு இருபது விநாடி ஓடவிட்டு நிறுத்தினேன். "வாட் டூ யூ சீ?"

"டூ மென்." "ஒன் மெஷின்." "பேக்! பிக் பேக்!" ஒரு சொல், இரண்டு சொல்லாக வந்தது. ஒவ்வொன்றையும் கரும்பலகையில் முழு வாக்கியமாக்கி எழுதினேன். மறுபடி இருபது விநாடி. இந்த முறை "வாட் இஸ் டிஃபரண்ட் ஹியர்?" என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்து "மை மதர் ஹேண்ட்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை: "நோ சார், எஸ்டேட் மெஷின், அவர் (our) தோட்டம் ஹேண்ட்." ஆள் கிடைக்காமல் நீலகிரியிலும் கைமெஷின் வந்துவிட்டது அல்லவா, அந்த விவரம் எனக்கே அவள் சொல்லித்தான் உறைத்தது. ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். ஜப்பான்காரர் நல்ல இலை, முற்றிய இலை பார்க்காமல் சீவுகிறார் என்று ஒருவனுக்குக் கோபம். "கொழுந்துக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?" என்று கேட்டான். "ஷூட்" என்றேன். "சுடறதா சார்?" வகுப்பு அமளிதுமளி. அந்த வார்த்தையை அவன் இனி மறக்க மாட்டான்.

அன்று அவர்கள் பேசியதற்குக் காரணம் அந்த வீடியோவின் தரம் கிடையாது. யாரோ தோட்டத்தில் எடுத்த சாதாரண வீடியோதான். படத்தில் ஓடுகிற விஷயம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த விஷயத்தில் தப்பு கண்டுபிடிக்கும்போது இலக்கணத்தைப் பற்றிய பயம் கொஞ்ச நேரம் மறந்துபோகிறது.

உங்கள் ஊரில் அது பூண்டாக இருக்கலாம். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் வேறு ஏதோ நாட்டில் டிராக்டரில் பூண்டு நடுகிற வீடியோவைப் போட்டுப் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை விதைப்பது, பிடுங்குவது, கட்டுவது எல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். "திஸ் இஸ் நாட் அவர் பூண்டு" என்று ஒருவன் சொன்னால் பூண்டை உடனே "கார்லிக்" ஆக்கித் திருத்தாதீர்கள். வாக்கியம் முழுசாக வரட்டும், சொல் பின்னால் வரும்.

எட்டாம் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் கனமாக வேண்டுமானால், சூரியனில் தெரிகிற கரும்புள்ளிகளைக் காட்டும் வீடியோ போடலாம். கொடைக்கானல் வானாய்வகத்தில் இருந்துகொண்டுதான் 1909இல் ஜான் எவர்ஷெட் என்கிற வானியலாளர் அந்தப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். நம்ம ஊர் மலையில் நடந்தது என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

செல்போன் சின்னதாயிற்றே என்று நினைக்கலாம். என்னைக் கேட்டால் அது வசதி. நான்கைந்து பேராகப் பிரித்து உட்கார வையுங்கள். குழுவுக்கு ஒருவர் மட்டும் வந்து உங்கள் போனில் அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் பார்க்கக் கூடாது. போனவர் தன் குழுவுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் படம் வரைய வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் வீடியோவைக் காட்டுங்கள். யார் படம் ஒத்துப்போகிறது என்று அடிதடியே நடக்கும். பெரிய திரை இருந்தால் இந்த விளையாட்டு நடக்காது. கையைக் காட்டி, வாயைக் காட்டி, நடுவில் தமிழையும் கலந்து சொல்வார்கள். முதல் மாதம் கண்டுகொள்ளாதீர்கள்.

சத்தத்தோடு போடுவது அதற்கு அப்புறம்தான். அப்போது தமிழ் சப்டைட்டிலைப் போடாதீர்கள், ஆங்கில எழுத்தையே ஓடவிடுங்கள். தமிழ் எழுத்து ஓடினால் கண் அதிலேயே போய் நிற்கும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும். பேசுகிற மொழியிலேயே எழுத்தும் ஓடினால் வாசிப்பு வளரும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. ஆமதாபாத் ஐ.ஐ.எம்.இல் இருந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் தொடங்கிய முயற்சியில், டி.வி.யில் வருகிற சினிமாப் பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரிகளை ஓடவிட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறியவர்களும் பாட்டோடு சேர்ந்து வாசிக்கப் பழகினார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதே வேலையை அது செய்யும். யூடியூப் தானாகப் போடுகிற எழுத்தில் பிழை இருக்கும், முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். எட்டாம் வகுப்பாக இருந்தால் அந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லியே ஒரு பீரியடை ஓட்டலாம். வேகத்தை 0.75க்குக் குறைத்தால் வெள்ளைக்காரர் பேச்சும் ஓரளவு பிடிபடும். திரையின் இடது பக்கம் இரண்டு முறை தட்டினால் பத்து விநாடி பின்னால் போகும். அந்தத் தட்டலைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

சிக்னலுக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மேகம் இறங்கினால் டவர் போய்விடும், அது மலையின் குணம். சனிக்கிழமை கொடைக்கானல் டவுனுக்கு வரும்போது ஆப்பிலேயே ஆஃப்லைனில் சேமித்துக்கொண்டு போங்கள். அது சில நாளைக்கு ஒருமுறை இணையத்தைத் தேடும், கவனம். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். நான் ஒருமுறை அணைக்காமல் விட்டு, ஆங்கிலக் கவிதைக்குப் பின்னாலேயே வடிவேலு வந்துவிட்டார். அன்றைக்குப் பாடம் அவரோடு முடிந்தது.

எதைப் போடுவது என்றால், ஆறாம் வகுப்புக்கு பிரிட்டிஷ் கவுன்சில் குழந்தைகளுக்காக வைத்திருக்கும் சின்னக் கதைகள் போதும். உங்களுக்கே உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் பி.பி.சி. லேர்னிங் இங்கிலிஷ். டெட் அமைப்பே மாணவர்களுக்காகப் போடுகிற டெட்-எட் பாடங்கள் படத்துக்கு அழகு, பேச்சு வேகம் ஜாஸ்தி. அவற்றை முதலில் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குறுவள மையக் கூட்டத்துக்கு வருவோம். ஊக்க வீடியோ என்றால் பெரிய பெரிய வார்த்தைகளும் பின்னணி இசையும் உள்ளதைத் தேடாதீர்கள். மறுநாள் காலை முதல் பீரியடில் செய்யக்கூடிய ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். நான் போடுவதாக இருந்தால் ரீட்டா பியர்சன் என்கிற அமெரிக்க ஆசிரியை 2013இல் டெட் மேடையில் பேசியதைப் போடுவேன். நாற்பது வருடம் பள்ளிகளில் வேலை பார்த்தவர். எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் ஒரு இடம்: 20 கேள்வி வைத்த தேர்வில் ஒரு பையன் 18 தப்பு. பியர்சன் அவன் தாளில் மைனஸ் 18 போடவில்லை. பிளஸ் 2 என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் வரைந்தார். "மிஸ், இது ஃபெயில்தானே?" என்று பையன் கேட்கிறான். ஆமாம் என்கிறார். அப்புறம் ஏன் சிரிக்கிற முகம்? இரண்டு சரியாக எழுதியிருக்கிறாயே, எல்லாமே தப்பில்லையே என்கிறார்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். மீதியைப் போட வேண்டாம், விருப்பமிருப்பவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும். வருகிற ஒவ்வொருவரும் அவரவர் வகுப்பில் கடைசியாக நடத்திய டிக்டேஷன் நோட்டு ஐந்தைக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நோட்டைப் பிரித்து, சிவப்பு மையில் சுழித்த இடங்களை விட்டுவிட்டு, சரியாக எழுதிய சொற்களை எண்ணச் சொல்லுங்கள். சிலருக்குச் சங்கடமாக இருக்கும். "அப்போ தப்பை யார் திருத்துறது?" என்று ஒரு மூத்த ஆசிரியர் கண்டிப்பாகக் கேட்பார். நல்ல கேள்வி, அவரையே பேச விடுங்கள். தப்பைத் திருத்தக் கூடாது என்று பியர்சனும் சொல்லவில்லை.

இரண்டாவதாக, மனசு இருந்தால், உங்கள் வகுப்பிலேயே மூன்று நிமிடம் எடுத்ததைக் காட்டுங்கள். பூண்டு வீடியோவை நிறுத்திவிட்டு நீங்கள் கேள்வி கேட்கிற இடம். போனைப் பின்பெஞ்சில் சாய்த்து வைத்தால் பிள்ளைகள் முகம் வராது, முதுகுதான் வரும். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், கூட்டத்தில் காட்டியதோடு சரி. கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்று எல்லோரும் எண்ணட்டும். நான் என் வீடியோவைப் பார்த்து எண்ணியபோது இரண்டு விநாடிகூடத் தேறவில்லை. கேள்வியும் நானே, பதிலும் நானே. ஊக்கம் பிறந்ததோ இல்லையோ, வெட்கம் வந்தது. அதற்கப்புறம் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினேன்.

கூட்டத்தன்று டீயை முதலிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். மேல்மலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முக்கால் மணி முன்னால் நோட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிடுங்கள்.