ஸ்பீட்வே வீரர் இறந்தால் ரசிகர்கள் ஏன் உறவினரை இழந்ததுபோல் கலங்குகிறார்கள்?

ஸ்பீட்வே என்பது மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். பொதுவாக நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள்; ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 500 சிசி வண்டிக்கு ஒரே கியர், பிரேக் கிடையாது. இரும்புத் தகடு மாட்டிய இடக்காலைத் தரையில் உரசியபடி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்புவார்கள்.

ரசிகர்களின் கலக்கத்துக்குக் காரணம் நெருக்கம். தடம் சிறியது, வளைவில் நிற்பவர்மீது மண் தெறிக்கும். பிரிட்டனில் வீரர்கள் ஊர்க் கழகங்களுக்காக ஓட்டுகிறார்கள்; பருவம் முழுவதும் அதே முகங்கள். நாள்தோறும் வந்த தபால்காரர் திடீரென இல்லாமல்போனால் தெருவே வெறிச்சோடுமே, அப்படித்தான். ஆறு முறை தனிநபர் உலகச் சாம்பியனான ஐவன் மேஜர் 2018இல் காலமானார். அவர் நியூசிலாந்துக்காரர், ஆனாலும் மான்செஸ்டரின் பெல் வியூ கழக ரசிகர்களுக்கு அவர் தங்கள் அணித்தலைவர். எனக்கென்னவோ, பட்டங்களைவிட இந்த உரிமைதான் பெரிதாகப் படுகிறது.

பிரேக் இல்லாததை வெறும் துணிச்சல் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாதுகாப்புக்கும்தான்: முன்னால் செல்பவர் சட்டென்று வேகத்தைக் குறைத்தால், ஒட்டி வருபவர் விலக இடமிருக்காது.