ரிக்கார்டோ அச்சிட்டதும் அச்சிடாததும்: ஆய்வேட்டில் எதை எப்படி மேற்கோள் காட்டுவது?

கேள்வி: பொருளாதாரச் சிந்தனை வரலாற்றில் முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். இயந்திரங்கள் வருவதால் தொழிலாளருக்கு என்ன ஆகும் என்பது பற்றி டேவிட் ரிக்கார்டோ என்ன நினைத்தார் என்பதுதான் தலைப்பு. என்னிடம் இருப்பது அவருடைய ‘அரசியல் பொருளாதாரம், வரிவிதிப்பு ஆகியவற்றின் கோட்பாடுகள்’ நூலின் மலிவான மறுபதிப்பு ஒன்றும், இணையத்தில் எடுத்த சில கடிதங்களும்தான். உயிரோடு இருந்தபோது அவர் வெளியிடாத கடிதங்களையும் குறிப்புகளையும் அவருடைய கருத்தாக எடுத்துக்கொள்ளலாமா? எந்தப் பதிப்பை நம்புவது? அவருடைய முழுத் தொகுப்பின் பதினொரு தொகுதிகளையும் படித்தாக வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பதினொன்றையும் படிக்க வேண்டாம். உங்கள் தலைப்புக்கு ஐந்தாறு தொகுதிகளில் குறிப்பிட்ட பக்கங்கள் போதும். அவை எவை என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் மறுபதிப்பைத் திறந்து, 31ஆம் அத்தியாயம் ‘இயந்திரங்கள் குறித்து’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘கோட்பாடுகள்’ ரிக்கார்டோ வாழ்ந்தபோதே மூன்று முறை வந்தது: 1817, 1819, 1821. இயந்திரங்கள் பற்றிய அத்தியாயம் மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. 1817 பதிப்பை அப்படியே நகலெடுத்து விற்கும் புத்தகங்களும் சந்தையில் உண்டு. அதை வாங்கியிருந்தால் உங்கள் ஆய்வேட்டின் உயிர்நாடியே அதில் இருக்காது. மூன்றாம் பதிப்புக்கு அவர் எழுதிய சிறு முன்குறிப்பில் இந்தப் புதிய அத்தியாயத்தைச் சேர்த்திருப்பதாக அவரே சொல்கிறார். அந்தக் குறிப்பு உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலும் போதும், பதிப்பு எது என்று தெரிந்துவிடும். மதிப்பு பற்றிய முதல் அத்தியாயமும் அப்படித்தான். முதல் பதிப்பில் பிரிவுகளே இல்லாமல் ஒரே ஓட்டமாக இருந்தது, மூன்றாம் பதிப்பில் ஏழு பிரிவுகளாகிவிட்டது. ஆண்டைச் சொல்லாமல் “ரிக்கார்டோ கூறுகிறார்” என்று எழுதினால், எந்த ரிக்கார்டோ என்று தேர்வாளர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

நம்ப வேண்டிய பதிப்பு, ரிக்கார்டோவின் நூல்களையும் கடிதங்களையும் பதினொரு தொகுதிகளில் திரட்டிய பொருளாதார அறிஞர் பியரோ ஸ்ராஃபாவுடையது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ராயல் பொருளாதாரக் கழகத்துக்காக 1930இல் கேம்பிரிட்ஜில் அவர் தொடங்கிய வேலை இது. மாரிஸ் டாப் பிற்பாடு துணைக்கு வந்தார். முதல் தொகுதிகள் 1951இல் வெளிவந்தன, பத்தாம் தொகுதி 1955இல், பொது அட்டவணையான பதினோராம் தொகுதி 1973இல். முதல் தொகுதியில் மூன்றாம் பதிப்பின் பாடம் மேலே இருக்கும். முந்தைய இரண்டு பதிப்புகளில் வரி எப்படி இருந்தது என்பது அடிக்குறிப்பில் இருக்கும். ஒரே பக்கத்தில் மூன்று ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். லிபர்ட்டி ஃபண்ட் நிறுவனம் இதே பதிப்பை மறுஅச்சு செய்து, தன் இணைய நூலகத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆகவே நூலகத்தில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம்.

சரி, இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். அச்சிடாத எழுத்தை அவர் கருத்தாக எடுத்துக்கொள்ளலாமா? இதற்கு ரிக்கார்டோவே பதில் சொல்லியிருக்கிறார், அதுவும் உங்கள் தலைப்பைப் பேசும்போதே. 31ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: இயந்திரம் பற்றித் திரும்பப் பெற வேண்டிய எதையும் நான் அச்சில் வெளியிட்டதாகத் தெரியவில்லை, ஆனால் இப்போது தவறென்று நான் கருதும் கொள்கைகளுக்கு வேறு வழிகளில் ஆதரவு கொடுத்திருக்கிறேன், ஆகவே என் இன்றைய கருத்தைச் சொல்வது என் கடமை. அச்சிட்டதற்கும் மற்ற வழிகளில் சொன்னதற்கும் நடுவே அவரே ஒரு கோடு போடுகிறார். ஆனால் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பதற்கும் தான் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அச்சான நூல் அவர் ஊருக்குச் சொன்னது. கடிதம் ஒரு நாளில் ஒரு மனிதருக்குச் சொன்னது. இரண்டும் அவர் கருத்துதான். ஆனால் தேதியும் பெறுநர் பெயரும் இல்லாமல் கடிதத்தை நூலுக்கு நிகராக வைத்தால் தவறாகிவிடும்.

அந்த ‘வேறு வழிகள்’ எவை? இதைத் தேடிப் போவதுதான் உங்கள் ஆய்வேட்டின் சுவையான பகுதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். 1817இல் ஜான் பார்ட்டன் என்பவர் தொழிலாளர் நிலை பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இயந்திரம் போன்ற நிலையான மூலதனம் பெருகினால் உழைப்புக்கான தேவையும் அதே அளவில் பெருகும் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். ரிக்கார்டோ அந்த மே மாதமே அவருக்குக் கடிதம் எழுதித் தன் மறுப்பைச் சொன்னார். 1819 டிசம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில் ஏழைகளுக்குக் கூட்டுறவுக் குடியிருப்புகள் அமைக்கும் ராபர்ட் ஓவனின் திட்டம் பற்றிய விவாதத்தில், மொத்தமாகப் பார்த்தால் இயந்திரம் உழைப்புக்கான தேவையைக் குறைப்பதில்லை என்று பேசினார். 1820 தொடக்கத்தில் அவருடைய நண்பரும் சீடர் போன்றவருமான மெக்கல்லக், ‘எடின்பரோ ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரையில் பார்ட்டனின் பக்கம் சாய்ந்தார். மார்ச் 29 அன்று ரிக்கார்டோ அவருக்கு எழுதி, அது சரியல்ல என்று திருத்தினார். மெக்கல்லக்கும் ஏற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு அதே இதழில் இயந்திரத்துக்கு ஆதரவாக எழுதினார்.

அந்த நேரம் பார்த்து, 1821இல், ரிக்கார்டோ தன் கருத்தை மாற்றிக்கொண்டார். மெக்கல்லக்கின் அதிர்ச்சியை நினைத்துப் பாருங்கள். யார் சொன்னதைக் கேட்டு மாறினாரோ, அவரே இப்போது எதிர்ப்பக்கம் போய் நிற்கிறார். ஜூன் 5 அன்று மெக்கல்லக் எழுதிய கண்டனக் கடிதத்தில் அந்தக் கசப்பு தெரியும். ரிக்கார்டோ அந்த மாதத்திலேயே பதில் எழுதினார். இன்று உழைப்பு செய்யும் எல்லா வேலையையும் இயந்திரமே செய்ய முடிந்தால் உழைப்புக்குத் தேவையே இருக்காது, இயந்திரத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடிந்த முதலாளியைத் தவிர வேறு எவருக்கும் எதையும் நுகரும் உரிமை இருக்காது என்ற வாதத்தை அந்தப் பதிலில்தான் வைக்கிறார். இன்றைக்கும் தூக்கிவாரிப் போடும் வரி. இது நூலில் இல்லை, கடிதத்தில்தான் இருக்கிறது. பலரும் இதை 31ஆம் அத்தியாயத்தின் வரி என்று மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

அத்தியாயத்தில் இருப்பது ஒரு கணக்கு. ஒருவரிடம் 20,000 பவுன் மூலதனம். அதில் 7,000 கட்டடம், கருவிகளில். மீதி 13,000 தொழிலாளரை வைத்து வேலை வாங்கச் செலவாகிறது. லாபம் பத்து சதவீதம், அதாவது 2,000 பவுன். ஒரு வருடம் பாதிப் பேரை இயந்திரம் செய்ய வைக்கிறார். அடுத்த வருடம் 7,500 பவுன் பெறும் இயந்திரம் அவர் கையில் நிற்கிறது. லாபம் குறையவில்லை. ஆனால் தொழிலாளருக்குச் செலவிட இருப்பது 5,500 மட்டும். முதலாளிக்கு நஷ்டமில்லாமலே தொழிலாளருக்கு வேலை போகிறது. இயந்திரம் தங்களுக்குக் கேடு என்று தொழிலாளர் நினைப்பது வெறும் மூடநம்பிக்கை அல்ல, பொருளாதாரக் கோட்பாட்டோடு ஒத்துப்போவதுதான் என்று அவர் துணிந்து எழுதுகிறார். பங்குச் சந்தையில் பணம் சம்பாதித்து நிலக்கிழார் ஆன ஒருவர், தன் நண்பர்கள் எல்லாரும் வேறு பக்கம் நிற்கும்போது, இப்படி அச்சில் ஏற்றியதை நான் மிகவும் மதிக்கிறேன். அதே அத்தியாயத்தில், அரசு இயந்திரத்தைத் தடுக்கக் கூடாது, தடுத்தால் மூலதனம் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்றும் சொல்கிறார். அதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் எடுத்தால் நேர்மையாக இருக்காது.

மனம் மாறியது எப்போது? இங்கேதான் அச்சிடாத எழுத்து கைகொடுக்கிறது. ரிக்கார்டோவின் நண்பரும் பொருளாதார அறிஞருமான மால்தஸின் பொருளாதார நூல் 1820இல் வந்தது. ரிக்கார்டோ அதை வரிவரியாகப் படித்து, முந்நூறுக்கு மேற்பட்ட குறிப்புகள் எழுதினார். நெருங்கிய நண்பர்கள் சிலருக்குக் காட்டியதோடு சரி, வெளியிடவில்லை. அந்தக் குறிப்புகளில் ஓரிடத்தில், மனிதர் செய்யும் வேலையையெல்லாம் குதிரைகளை வைத்துச் செய்தால், விளைச்சல் கூடினாலும் தொழிலாளருக்கு நன்மையா என்று கேட்கிறார். மாற்றத்தின் முதல் அசைவை ஸ்ராஃபா இந்தக் குறிப்புகளில்தான் காண்கிறார். இந்தக் கைப்பிரதி 1919இல்தான் ரிக்கார்டோ குடும்ப வீட்டில் கிடைத்தது. 1928இல் அச்சானது. அதற்கு முன் எழுதியவர்களுக்கு இந்த இடைப்படி தெரியவே வாய்ப்பில்லை. பழைய விமர்சகர் ஒருவரை மேற்கோள் காட்டும்போது, அவர் எழுதிய ஆண்டில் எந்தெந்தத் தாள்கள் வெளியில் இருந்தன என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்புகளைப் பயன்படுத்தும்போது ஒரு சிக்கல் உண்டு. மால்தஸ் நூலுக்கு 1836இல், அவர் இறந்த பிறகு, திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. மறுபதிப்பில் அதிகம் புழங்குவதும் அதுதான். ரிக்கார்டோ 1823இலேயே இறந்துவிட்டார். அவர் குறிப்பு எழுதியது 1820 பதிப்புக்கு மட்டும். 1836 பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் வாசகம் பொருந்தாது, குழம்பிப்போவீர்கள். ஸ்ராஃபாவின் இரண்டாம் தொகுதியில் மால்தஸின் 1820 பாடம் மேலேயும் ரிக்கார்டோவின் குறிப்பு கீழேயும் இருக்கும். அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

இணையத்தில் எடுத்த கடிதங்கள் என்று சொன்னீர்களே, அவை எந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை என்று பாருங்கள். பெரும்பாலும் 1887இல் போனர் பதிப்பித்த மால்தஸ் கடிதங்களாகவோ, 1895இல் ஹாலண்டர் பதிப்பித்த மெக்கல்லக் கடிதங்களாகவோ இருக்கும். நல்ல பதிப்புகள்தான். ஆனால் அவற்றில் ரிக்கார்டோ எழுதியவை மட்டும் உண்டு, அவருக்கு வந்த கடிதங்கள் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் தொலைபேசிப் பேச்சு மாதிரி. ஸ்ராஃபா இரு பக்கக் கடிதங்களையும் தேதி வரிசையில் கோத்திருக்கிறார். ரிக்கார்டோ தன் நெருங்கிய நண்பர் ஜேம்ஸ் மில்லுக்கு எழுதிய கடிதங்கள் 1943இல்தான் டப்ளினுக்கு அருகே ரஹேனியில் ஒரு வீட்டில் கிடைத்தன. அதற்குள் பல தொகுதிகள் அச்சுக் கோத்து முடிந்திருந்தன. அவற்றைத் திரும்பப் பிரித்து அடுக்க வேண்டியதாயிற்று. பதிப்பு அவ்வளவு தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். மதிப்பு பற்றி ரிக்கார்டோ கடைசி வாரங்களில் எழுதி முடிக்காமல் போன கட்டுரையும் அங்கே கிடைத்த தாள்களில்தான் இருந்தது. அது நான்காம் தொகுதியில் இருக்கிறது, உங்கள் தலைப்புக்குத் தேவைப்படாது. அப்புறம், இந்த ஹாலண்டர் ஜேக்கப் ஹாலண்டர். ரிக்கார்டோ பற்றி 1979இல் பெரிய நூல் எழுதிய சாமுவேல் ஹாலண்டர் வேறு ஒருவர். அடிக்குறிப்பில் முதல் எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

நாடாளுமன்றப் பேச்சுகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஐந்தாம் தொகுதியில் இருப்பவை செய்தியாளர்கள் சுருக்கி எழுதியவை, பெரும்பாலும் ‘அவர் கூறினார்’ என்ற நடையில். ரிக்கார்டோவின் வாய்ச்சொல் அப்படியே அதில் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. பேசுவதே அவருக்குச் சிரமம். தன் குரல் காதில் விழுந்ததுமே அச்சம் பிடித்துக்கொள்கிறது, அதை வெல்லும் நம்பிக்கை இல்லை என்று 1819 ஏப்ரலில் மெக்கல்லக்குக்கு எழுதியிருக்கிறார். ஆகவே 1819 டிசம்பர் பேச்சை எடுக்கும்போது மேற்கோள் குறி போட்டு எழுதாதீர்கள். “இவ்வாறு பேசியதாகப் பதிவு சொல்கிறது” என்று எழுதுங்கள். 1820 மார்ச் கடிதத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். அது அவர் கைப்படவே எழுதியது, பேச்சின் கருத்தை உறுதிசெய்கிறது. பலவீனமான சான்றைப் பலமான சான்றோடு சேர்த்துக் கட்டினால் தேர்வாளர் ஆட்சேபிக்க இடமிருக்காது.

படிக்கும் வரிசை: முதல் தொகுதியில் ஸ்ராஃபாவின் முன்னுரையும் 31ஆம் அத்தியாயமும். பிறகு ஏழாம் தொகுதியில் பார்ட்டனுக்கு எழுதிய 1817 கடிதம், ஐந்தாம் தொகுதியில் 1819 டிசம்பர் பேச்சு, எட்டாம் தொகுதியில் 1820 மார்ச் கடிதம், இரண்டாம் தொகுதியில் குதிரைகள் வரும் குறிப்பு, மீண்டும் எட்டில் 1821 ஜூன் கடிதங்கள். கடைசியாக 1823 மே 30 அன்று அவர் இயந்திரம் பற்றி மறுபடி பேசியது, அது ஐந்தாம் தொகுதியில். நெருக்கமாகப் படித்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகாது.

அடிக்குறிப்பில் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கடிதமானால் “ரிக்கார்டோ, மெக்கல்லக்குக்கு, 29 மார்ச் 1820, தொகுதி 8” என்று தேதியையும் பெறுநரையும் முன்னால் வையுங்கள். நூலானால் மூன்றாம் பதிப்பு, 1821 என்று சேருங்கள். மால்தஸ் குறிப்புகளானால் 1820இல் எழுதியது, 1928இல் அச்சானது என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள்.