கேளுங்கள், சொல்கிறேன்: பெயின்ட்பால்

கேள்வி: பழைய ஆட்டோகாக்கர் மார்க்கர் (சாய உருண்டைகளைச் சுடும் பெயின்ட்பால் துப்பாக்கி) ஒன்று விலைக்கு வருகிறது. பாடி கம்பெனியுடையது இல்லை, வேறு யாரோ செய்தது என்கிறார் விற்பவர். எப்படி உறுதி செய்வது? நம்பி வாங்கலாமா?

பதில்: வெளித்தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆட்டோகாக்கரைத் தயாரித்த வோர் கேம் பிராடக்ட்ஸின் சொந்த பாடியையே கடைந்து, புது நிறத்தில் அனோடைஸ் செய்து (மின்வேதி முறையில் மேலே படலம் ஏற்றி) விற்பது இதில் சகஜம். கடைந்தால் உலோகம் குறையும், துளைகள் இடம் மாறாது. ஆகவே அதே காலத்து ஒரிஜினல் படத்தோடு திருகுத் துளைகளையும் உருண்டைகள் உள்ளே இறங்கும் ஃபீட் குழாயின் இடத்தையும் ஒப்பிடுங்கள்.

யார் செய்தது என்பதைவிட உள்ளே எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். உருண்டையைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) கழற்றிவிட்டு, போல்ட்டை மேல் குழாயில் விடுங்கள், தங்குதடையின்றி வழுக்க வேண்டும். இறுகினால் அனோடைஸ் படலம் தடித்திருக்கலாம். கீழ்க் குழாயில், வால்வைத் தட்டித் திறக்கும் ஹேமர் ஓடும் பாதையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆழமான கீறல் கூடாது. அப்புறம் வால்வைப் பிடித்து நிறுத்தும் மரை. அது தேய்ந்திருந்தால் எவ்வளவு அழகான பாடியானாலும் விட்டுவிடுங்கள், அழுத்தக் காற்றைத் தாங்கும் இடம் அது. பேரலையும் கையால் திருகிப் பாருங்கள். இவ்வளவும் சரி என்றால், முத்திரை இல்லாத பாடியையும் நான் தயங்காமல் வாங்குவேன்.