இரண்டாவது மேகசின் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். போன வருடம் கிரீன் கார்டு வந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்த பிறகு ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். வகுப்புக்குப் போய் மாநில உரிமமும் எடுத்தாயிற்று. துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் பழக்கமானவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: துப்பாக்கி மட்டும் போதாது, வெளியே போகும்போது உபரியாகத் தோட்டா நிரப்பிய ஒரு மேகசினும் கூடவே இருக்கவேண்டும் என்று. ஒருவர் இரண்டு வைத்திருக்கிறார். என் மனைவிக்குத் துப்பாக்கியே பிடிக்கவில்லை. "பதினைந்து குண்டு போதாதா, என்ன போருக்கா போகிறீர்கள்?" என்கிறாள். இப்போதைக்கு இன்னொரு மேகசினை ஆபீஸ் பையில் போட்டு வைத்திருக்கிறேன். மைத்துனன் எச்1பி விசாவில் வந்து எங்களோடுதான் தங்கியிருக்கிறான்; அவனும் உபரி மேகசின் வேண்டும் என்கிறான். நீங்கள் ஹூஸ்டனில் பல வருடமாக இருப்பவர், துப்பாக்கி வைத்திருப்பவர். என்ன சொல்கிறீர்கள்? டிசம்பரில் குடும்பத்தோடு மதுரை போகிறோம். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட நினைக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாக ஆபீஸ் பையில் இருக்கும் அந்த மேகசினை எடுத்துப் பூட்டி வையுங்கள். அப்புறம் மிச்சத்தைப் படியுங்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: மேகசின் என்பது கைத்துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற சிறு பெட்டி. தோட்டாக்கள் அதற்குள் ஸ்பிரிங் அழுத்தத்தில் அடுக்கி நிற்கும். கிளாக் 19க்கு வழக்கமாக 15.

ரேஞ்சில் உங்களுக்குச் சொல்வது தோட்டா தீர்ந்துபோகும் என்ற பயத்தைத்தான். அது ஒன்றும் இல்லாத பயம் கிடையாது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகள் எட்டுப் பேர் இரண்டு கொள்ளையரை மடக்கினார்கள். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். கையில் குண்டு பட்ட ஒருவரால் தன் ரிவால்வரில் மறுபடி தோட்டா போட முடியவில்லை. 2008ல் சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கியில் ஒரு போலீஸ்காரர் ஒரே ஆளை எதிர்த்து 33 முறை சுடவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம் 145 தோட்டா எடுத்துப் போனார். இந்த இரண்டு கதையையும் நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள்.

ஆனால் இரண்டிலும் சுட்டவர்கள் போலீஸ். ஆளை விடாமல் பிடிப்பது அவர்கள் வேலை. பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன் கத்தியோடு வந்தால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து கிளம்புவதுதான் உங்கள் வேலை. சாதாரண மனிதர்கள் மாட்டிக்கொள்ளும் சண்டையைப் பற்றிப் பயிற்சியாளர்களிடையே ஒரு பேச்சு உண்டு: மூன்று கெஜம், மூன்று விநாடி, மூன்று குண்டு. துல்லியமான கணக்கு இல்லைதான், ஆனால் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். இன்னொன்றும் யோசியுங்கள். இங்கே வீட்டுச் சுவர் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. குறி தவறுகிற ஒவ்வொரு தோட்டாவும் அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகலாம்.

சரி, அப்படியானால் உபரி மேகசினே வீணா? இல்லை. அதற்கு வேறு ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதை ரேஞ்சில் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இந்த மாதிரி அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் பல சமயம் கோளாறு வரும் இடமே மேகசின்தான். வாய் விளிம்பு கொஞ்சம் வளைந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், பாக்கெட்டுப் பஞ்சு உள்ளே போனாலும் சிக்கும். சில சமயம் ஒரே நேரத்தில் இரண்டு தோட்டா முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது மேகசினைப் பிடுங்கி எறிந்து, மேல்பகுதியை இரண்டு மூன்று தடவை இழுத்துக் காலி செய்து, வேறு மேகசினைச் செருகி, மறுபடி இழுக்கவேண்டும். அந்த நேரத்தில் துப்பாக்கியில் எத்தனை தோட்டா மிச்சம் இருந்தாலும் உதவாது.

இதைச் செய்ய முடியுமா என்பதுதான் உங்களுக்கான கேள்வி. நான் இரண்டு வருடம் இடது இடுப்பில் ஒரு மேகசின் வைத்திருந்தேன். ஒரு வகுப்பில் பயிற்சியாளர் என் துப்பாக்கியில் வேண்டுமென்றே சிக்கலை உண்டாக்கிக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினார். சட்டையைத் தூக்கினேன், துணி விரலில் சுற்றிக்கொண்டது. மேகசின் கைக்கு வந்தபோது தலைகீழாக வந்தது. தோட்டாவின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்துச் செருகினேன். ஒன்பது விநாடி. அங்கே என்னை யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. அதற்கப்புறம் நாலு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், போலித் தோட்டா வைத்து வீட்டில் பழகிய பிறகுதான் கை தானாகப் போனது: ஆட்காட்டி விரல் முதல் தோட்டாவின் முனையைத் தொட்டால் திசை சரி என்று அர்த்தம். அந்தப் பழக்கத்துக்கு உங்களிடம் நேரம் இருந்தால் ஒரு மேகசின் வைத்துக்கொள்ளுங்கள், பெல்ட்டில், அதற்கென்று உள்ள உறையில். நேரம் இல்லையென்றால் வேண்டாம்.

நான் பிறகு மேகசின் எடுத்துப் போவதையே விட்டுவிட்டேன். இரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். 2015ல் தொடங்கிய 'ஸ்டாப் த பிளீட்' இயக்கத்தின் வகுப்பு. தொடையில் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரைகூடத் தாங்காமல் போகலாம் என்று அங்கே தெரிந்துகொண்டேன். இப்போது மேகசின் இருந்த இடத்தில் ஒரு டூர்னிக்கெட், அதாவது கை காலை இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்தும் பட்டை, இருக்கிறது. நெடுஞ்சாலையில் கார் மோதினாலும் மாமரம் வெட்டும்போது ரம்பம் பட்டாலும் உதவக்கூடிய பொருள் அது. என் வாழ்க்கையில் இந்த இரண்டும் துப்பாக்கிச் சண்டையைவிட அருகில் இருக்கின்றன.

இனி பையின் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி மைத்துனனைப் பற்றியது. தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலொழிய, துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமமே இல்லாமல் எடுத்துப்போகலாம் என்பதெல்லாம் அவருக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தில் துப்பாக்கியோடு தோட்டாவும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் காரை அவர் ஓட்டிப் போகிறார், உங்கள் பை பின்சீட்டில் கிடக்கிறது, போலீஸ் நிறுத்துகிறது என்று வையுங்கள். அது தன்னுடையது இல்லை என்று விளக்கவேண்டிய நிலை, வழக்குச் செலவு, விசா பற்றிய பயம் எல்லாம் அந்தப் பையன் தலையில் விழும். துப்பாக்கியை நீங்கள் இடுப்பிலிருந்து கழற்றிப் பெட்டியில் பூட்டுவீர்கள். பையில் கிடக்கும் உபரி மேகசினை யாரும் அப்படிப் பூட்டுவதில்லை.

உங்கள் மனைவி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனை நினைத்து வாங்கிய பொருள் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு என்ன செய்யும் என்று அவர் யோசிக்கிறார். சரியாகத்தான் யோசிக்கிறார்.

கடைசியாக மதுரை. என் நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது, இந்தியாவில் ஒரு விமான நிலையத்தில் அவர் முதுகுப்பையை எக்ஸ்ரேயில் மூன்று தடவை ஓட்டினார்கள். பையின் அடிமடிப்பில், தையலுக்குள் நழுவி, ஒரே ஒரு ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா. ரேஞ்சுக்கு எடுத்துப்போன பழைய பை. போகும்போது அமெரிக்காவில் யார் கண்ணிலும் படவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் வழக்குத்தான். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதைப் பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லியிருக்கிறது. இப்படி மறதியாக வந்த தோட்டா வழக்குகள் பலவற்றை உயர் நீதிமன்றங்கள் ரத்தும் செய்திருக்கின்றன. ஆனால் ரத்தாகும்வரை நண்பரின் பாஸ்போர்ட் அவர் கையில் இல்லை. விமானம் போனது, இங்கே வேலையும் போனது. அம்மா தினமும் அழுதுகொண்டிருந்தார்.

அதனால் இந்தச் சனிக்கிழமை நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் எல்லாப் பைகளையும், பிள்ளைகளின் பள்ளிப்பை உட்பட, தரையில் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள். ரேஞ்சுக்கு ஒருமுறை போன பையாக இருந்தாலும் அது மதுரைக்கு வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா